கடல் கடந்த ஆலயம்: பசிபிக் தீவுகளில் மார்மன் சமயமும் முன்னோர் நினைவும்

1. ஓர் இடுகாடும் ஒரு கேள்வியும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் ஸ்கல் பள்ளத்தாக்கு இருக்கிறது. மண்டையோட்டுப் பள்ளத்தாக்கு என்பது அந்தப் பெயரின் பொருள். உப்புப் பூத்த மண்ணும் சாம்பல் நிறப் புதர்களுமாகக் கிடக்கும் அந்த வெளியில் சிறிய இடுகாடு ஒன்று உண்டு. அங்குள்ள கற்களில் பெரும்பாலும் ஹவாய்ப் பெயர்கள். ஆண்டுதோறும் மே மாத இறுதியில் பாலினீசிய வழிவந்த குடும்பங்கள் அங்கே வந்து கூடுகின்றன. கல்லறைகளுக்கு மலர் சூட்டுகிறார்கள், பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், சேர்ந்து விருந்துண்கிறார்கள். அருகில் இருந்த ஊர் இன்று இல்லை. இடுகாடு மட்டும் இருக்கிறது.

அந்த ஊரின் பெயர் யோசெப்பா. தமிழ் விவிலியம் யோசேப்பு என்று சொல்லும் அதே பெயரின் ஹவாய் வடிவம். கடலையே முற்றமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் 1889இல் இந்தப் பாலையில் வந்து குடியேறினார்கள். சால்ட் லேக் நகரின் மார்மன் ஆலயத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதே அவர்களை அங்கே கொண்டுவந்தது. 28 ஆண்டுகள் கழித்து ஊரையே காலி செய்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்கும் ஓர் ஆலயமே காரணம். ஹவாயின் லாயியே என்ற ஊரில் புதிய ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது.

குடிபெயரவும் திரும்பவும் செய்யும் அளவுக்கு ஆலயம் என்ற ஒன்று தீவுச் சமூகங்களை எப்படிப் பற்றியது? அது அவர்களுக்கு எதைத் தந்தது, எதை மாற்றி எழுதியது? இக்கட்டுரை ஆராய முற்படுவது இந்தக் கேள்வியைத்தான். ஹவாய் இதன் மையம். தாகித்தி சார்ந்த தீவுகளும் நியூசிலாந்தும் ஒப்பீட்டுக்காக வருகின்றன.

2. இதுவரையிலான புரிதல்கள்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மார்மன் சபையின் முறையான பெயர். 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் அதை நிறுவினார். அதன் பசிபிக் வரலாற்றைப் பற்றி மூன்று வகையான விளக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, விசுவாசிகளின் விளக்கம். தீவு மக்களைப் பற்றிக் கடவுள் முன்பே வகுத்த திட்டம் நிறைவேறியது என்று அது சொல்கிறது. இரண்டாவது, நிறுவன வரலாறு. லேனியர் பிரிட்ச் 1986இல் வெளியிட்ட விரிவான நூல் இதற்கு நல்ல சான்று. மிஷனரிகள் வந்தது, பள்ளிகள் எழுந்தது, ஆலயங்கள் கட்டப்பட்டது என்று ஆவணங்களின் வழியே அது நடக்கிறது. மூன்றாவது, காலனியத்தை விமர்சிக்கும் ஆய்வு. ஹவாய் மரபைச் சேர்ந்த ஹோக்குலானி ஐகாவ் 2012இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் முக்கியமானது. தெரிந்தெடுக்கப்பட்ட மக்கள் என்ற சமய அடையாளம் ஹவாயியர்களுக்கு வலிமை தந்ததையும், அதே அடையாளம் அவர்களை இன அடுக்கு ஒன்றுக்குள் கட்டிப்போட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

முதல் விளக்கம் நம்பிக்கையின் தளத்தைச் சேர்ந்தது, வரலாற்றுச் சான்றால் அதை நிறுவவோ மறுக்கவோ இயலாது. இரண்டாவதில் தகவல் செறிவு உண்டு. ஆயினும் அதன் கண்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் கண்கள். மூன்றாவதையே நான் துணையாகக் கொள்கிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆலயத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அருகில் சென்று பார்த்தால்தான் தீவு மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக் கொண்ட விதம் புலப்படும். அந்த உறவின் அச்சாணி வம்சாவளி.

3. ஆலயம் என்பது எது?

மார்மன் மரபில் ஞாயிறு வழிபாடு நடப்பது வழிபாட்டுக் கூடத்தில். யாரும் உள்ளே போகலாம். ஆலயம் வேறு. அர்ப்பணிப்புச் சடங்கு முடிந்தபின் சபையின் தகுதிச் சான்று பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே அதற்குள் நுழைய முடியும்.

ஆலயச் சடங்குகளில் மூன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, மரித்தோருக்கான ஞானஸ்நானம். இறந்துபோன ஒருவரின் பெயரில் உயிரோடிருக்கும் ஒருவர் பதிலாளாக நின்று ஞானஸ்நானம் பெறுவது. ஜோசப் ஸ்மித் இதை 1840இல் போதிக்கத் தொடங்கினார். இரண்டு, தரிப்பித்தல். புனித உடன்படிக்கைகளை ஏற்றுக்கொள்ளும் நீண்ட சடங்கு அது. மூன்று, முத்திரித்தல். கணவன் மனைவியையும், பெற்றோர் பிள்ளைகளையும் மரணத்துக்கு அப்பாலும் பிரியாதபடி இணைப்பது. பின்னிரண்டையும் இறந்தவர்களுக்காகவும் செய்யலாம்.

பெயர் தெரியாதவருக்காகப் பதிலாள் நிற்க முடியாது. ஆகவே பாட்டன், பூட்டன், அவர்களுக்கும் முந்தையோர் யார் யார் என்று தேடுவது ஒவ்வோர் உறுப்பினருக்கும் சமயக் கடமையாயிற்று. 1894இல் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெற்றோருடனும் முன்னோருடனும் முத்திரிக்கப்பட வேண்டும் என்று அறிவித்தார். அதே ஆண்டில் யூட்டா வம்சாவளிச் சங்கம் தோன்றியது. நீத்தார் கடன் என்பதைக் கிறித்தவ மொழியில் இவ்வளவு விரிவாக அமைத்த இன்னொரு சபையைக் காண்பது அரிது.

யூட்டாவின் அமெரிக்க விசுவாசிகளுக்கு இந்தத் தேடல் உழைப்பைக் கோரியது. பழைய பதிவேடுகளையும் கடல் கடந்த ஐரோப்பிய ஊர்களின் ஏடுகளையும் துழாவ வேண்டியிருந்தது. பாலினீசியர்களிடமோ வம்சாவளி ஏற்கெனவே நாவில் இருந்தது. ஹவாயில் மோவொகூவாவுஹாவ் என்றும், நியூசிலாந்தின் மாவோரிகளிடம் ஃபாகபாபா என்றும் அதற்குப் பெயர். நிலத்தின் மீதான உரிமை, தலைமை, உறவு எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம். இந்தச் சமூகங்களில் வந்திறங்கிய ஆலயம் புதிய பழக்கம் ஒன்றைக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

4. ஆலயம் இல்லாமலும் வாழ்ந்த நம்பிக்கை

இதை வைத்துக்கொண்டு, ஆலயம் இருந்ததால்தான் மார்மன் சமயம் தீவுகளில் வேரூன்றியது என்று முடிவு கட்டிவிடலாம். அதற்கு எதிரான சான்றை முதலில் பார்க்க வேண்டும்.

மார்மன் சமயம் பசிபிக்கில் முதன்முதலாகக் கால்வைத்த இடம் இன்றைய பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த துபுவாய் தீவு. முன்னாள் மாலுமியான ஆடிசன் பிராட் 1844 ஏப்ரல் 30 அன்று அங்கே வந்தார். தீவு மக்கள் வற்புறுத்தவே, தோழர்கள் தாகித்திக்குச் செல்ல, அவர் அங்கேயே தங்கினார். ஜூலை மாத இறுதிக்குள் 11 உறுப்பினர்களுடன் ஒரு சபைக்கிளை உருவாயிற்று. மறு ஆண்டில் பெஞ்சமின் குரூவார்ட் துவாமோத்து தீவுக்கூட்டத்தின் அனா பவளத்தீவில் பலரைச் சேர்த்தார்.

அப்போது சபையின் மையமாக இருந்த, இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் ஆலயம் முடிக்கப்படவில்லை. பிராட் தாமே தரிப்பித்தல் பெற்றிருக்கவில்லை. 1849இல், ஆலயம் எதுவும் இன்னும் எழும்பாத சால்ட் லேக் பள்ளத்தாக்கில், என்சைன் என்ற குன்றின் உச்சியில் வைத்துத்தான் அவருக்கு அந்தச் சடங்கு நடந்தது. ஆக, துபுவாயிலும் அனாவிலும் மக்கள் ஏற்றுக்கொண்ட மார்மன் நம்பிக்கையில் ஆலயம் இன்னும் இடம்பெறவில்லை.

பிரெஞ்சு ஆட்சியின் கட்டுப்பாடுகளால் 1852இல் மிஷனரிகள் வெளியேறினார்கள். அதன்பின் 20 ஆண்டுகளுக்கு மேல் விசுவாசிகள் தாங்களாகவே வழிபாட்டை நடத்தினார்கள். 1873 டிசம்பரில், கப்பல் பழுதானதால் பாப்பியேத்தேயில் ஒதுங்கிய இரண்டு மிஷனரிகள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் யூட்டாவிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஜோசப் ஸ்மித்தின் மகன் தலைமையில் பிரிந்து இயங்கிய மறுசீரமைக்கப்பட்ட சபையைச் சேர்ந்தவர்கள். பலர் அந்தச் சபையில் இணைந்தார்கள். சனித்தோ என்று அறியப்படும் அந்தச் சமூகம் இன்றும் பிரெஞ்சு பாலினீசியாவில் உயிர்ப்போடு இருக்கிறது. அந்தச் சபையோ தரிப்பித்தல், முத்திரித்தல் போன்ற ஆலயச் சடங்குகளை ஏற்காதது.

இந்தச் சான்றை ஒதுக்கிவிட முடியாது. பாட்டும் வேதவாசிப்பும் ஊர்க்கூட்டமும் ஒரு நம்பிக்கையைத் தலைமுறைகளுக்குக் கடத்தப் போதும் என்று சனித்தோ சமூகம் காட்டுகிறது. தீவுகளில் மார்மன் சமயத்தின் உயிர்நாடியே ஆலயம்தான் என்ற கூற்று நிற்காது. ஆலயம் செய்த வேலை இதைவிடக் குறிப்பானது. அதைக் காண ஹவாய்க்குப் போக வேண்டும்.

5. நாப்பேலாவும் யோசெப்பாவும்: சீயோனை நோக்கிய பயணம்

1850 டிசம்பர் 12 அன்று, கலிபோர்னியாவின் தங்க வயல்களிலிருந்து அனுப்பப்பட்ட பத்து மார்மன் மிஷனரிகள் ஹொனலுலுவில் இறங்கினார்கள். வெள்ளையர்களிடம் போதிக்கவே வந்திருந்தார்கள். அவர்கள் காதுகொடுக்காததால் பலர் சோர்ந்து திரும்பினார்கள். ஜார்ஜ் கியூ. கேனன் என்ற இளைஞரோ மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டு மாவி தீவில் நிலைத்தார். அங்கே அவர் சந்தித்தவர் ஜொனாத்தனா நாப்பேலா. லாஹைனாலூனா கல்விக்கூடத்தில் பயின்றவர், வைலுக்குவில் நீதிபதி. 1852 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். இருவரும் சேர்ந்து உழைத்து உருவான, சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தின் ஹவாய் மொழியாக்கம் 1855இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சேறியது. நாப்பேலாவின் மொழியறிவு இல்லாமல் அந்த மொழியாக்கம் இல்லை.

1869இல் நாப்பேலா சால்ட் லேக் நகருக்குப் பயணமாகி, அங்கே தரிப்பித்தல் பெற்றார். அதைப் பெற்ற முதல் ஹவாயியர் அவரே. நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய மனைவி கிட்டிக்குத் தொழுநோய் கண்டது. சட்டப்படி அவர் மொலக்காய் தீவின் கலாவ்பாப்பாவுக்கு அனுப்பப்பட வேண்டும். நாப்பேலா மனைவிக்குத் துணையாகத் தாமும் போனார். அங்கிருந்த விசுவாசிகளை வழிநடத்தினார். கத்தோலிக்கத் துறவி தமியானுடன் நட்புக் கொண்டார். நோய் அவரையும் தொற்றியது. 1879இல் அங்கேயே இறந்தார். மரணத்தாலும் பிரியாத குடும்பம் என்ற ஆலயப் போதனையை அவர் எந்த அளவுக்கு உள்வாங்கினார் என்பதற்கு ஏட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. உலகம் மொத்தமும் விலகி ஓடிய இடத்துக்கு மனைவியின் கைபற்றி நடந்து போனதே சான்று.

அக்காலத்தில் சபை, விசுவாசிகள் உலகெங்கிலுமிருந்து யூட்டாவில் கூடிச்சேர வேண்டும் என்று போதித்தது. சீயோன் என்றால் யூட்டா, ஆலயங்கள் எழும்பியதும் அங்கேதான். 1877க்கும் 1893க்கும் இடையே நான்கு ஆலயங்கள் அங்கே அர்ப்பணிக்கப்பட்டன. ஹவாயியர் சிலர் 1880களில் சால்ட் லேக் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். சீயோன் அவர்களை இரு கைகளாலும் வரவேற்கவில்லை. வேலையிலும் குடியிருப்பிலும் பாகுபாடு இருந்தது. 1889இல் யூட்டா பிரதேச உச்ச நீதிமன்றம், வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் ஹவாயியர் ஒருவருக்குக் குடியுரிமை மறுத்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று சுமார் 50 பேர் ஸ்கல் பள்ளத்தாக்கில் சபை வாங்கித் தந்த பண்ணை நிலத்துக்குக் குடியேறினார்கள். இடத்தைத் தேர்ந்த குழுவில் ஹவாயியர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதே வேளையில், நகரத்திலிருந்து அவர்களைத் தள்ளிவைத்த ஏற்பாடாகவும் அது அமைந்தது. இரண்டும் உண்மை. பனியும் வறட்சியும் நோயும் அவர்களை வாட்டின. 1896இல் தொழுநோயும் தலைகாட்டியது. அப்படியும் மலையிலிருந்து நீர் கொண்டுவந்தார்கள், மரங்கள் நட்டார்கள், தெருக்களுக்கு ஹவாய்ப் பெயர்கள் சூட்டினார்கள். மக்கள்தொகை 200ஐத் தாண்டியது.

6. லாயியே: சீயோன் இடம்மாறியது

லாயியே ஓவாஹு தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது. லனாய் தீவில் சபை அமைத்த முதல் குடியிருப்பை வால்ட்டர் மரே கிப்சன் என்பவர் கைப்பற்றி நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள, 1864இல் அவர் சபைநீக்கம் செய்யப்பட்டார். அந்த நிலம் போனது போனதுதான். 1865இல் சபை லாயியேயில் சுமார் 6,000 ஏக்கரை 14,000 டாலருக்கு வாங்கியது. தொன்மரபில் அடைக்கலம் தேடி வருவோருக்குப் புகலிடமாக இருந்த இடம் அது என்று ஹவாயியர் சொல்வதுண்டு. 1848க்குப் பிந்தைய நிலச் சீர்திருத்தத்தில் குடிமக்கள் பலர் நிலமிழந்து அலைந்த காலத்தில், சேப்பங்கிழங்கு பயிரிட்டு வாழ ஓர் இடம் என்பது சமயக் காரணத்துக்கு இணையான ஈர்ப்பாக இருந்திருக்கும்.

புகலிடம் கரும்புத் தோட்டமாகவும் இருந்தது. கரும்புக்கும் சேப்பங்கிழங்குக்கும் தேவைப்பட்டது ஒரே நீர். 1870களின் முற்பகுதியில், தோட்ட நிலத்தில் அவா என்ற பானச் செடியைப் பயிரிடக் கூடாது என்று மிஷன் தலைவர் தடை விதித்தபோது குடும்பங்கள் பல வெளியேறின. அவர்கள் கூட்டாகச் சேர்ந்து அருகிலுள்ள கஹானாப் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கினார்கள். சபையை விடாமலே, சபைத் தலைவரின் ஆணையை மறுக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். தீவு விசுவாசிகளைச் சொன்னதைக் கேட்கும் கூட்டமாகச் சித்திரிக்கும் எழுத்துகள் இந்த நிகழ்வைக் கவனிக்க வேண்டும்.

ஆலயத்துக்கு வருவோம். 1854இல் ஜோசப் எஃப். ஸ்மித் என்ற 15 வயதுச் சிறுவன் மிஷனரியாக ஹவாய்க்கு வந்தான். சபை நிறுவனரின் அண்ணன் மகன். தாய் தந்தை இருவரையும் இழந்தவன். நோயுற்ற காலத்தில் ஹவாய்த் தாய் ஒருவர் அவனைத் தம் பிள்ளைபோலப் பேணினார். 1901இல் ஸ்மித் சபைத் தலைவரானார். 1909இல் ஹொனலுலுவில் அவர் வந்திறங்கியபோது நடந்ததை உடன் சென்ற சார்லஸ் நிப்லி பதிவு செய்திருக்கிறார். பார்வையிழந்த மூதாட்டி ஒருவர், ஒருவர் கைப்பிடித்து அழைத்துவர, சில வாழைப்பழங்களுடன் வந்து யோசெப்பா என்று கூப்பிட்டார். தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டித் தழுவி, அம்மா என்றார். ஸ்கல் பள்ளத்தாக்கு ஊருக்கு வைத்த பெயரும் இவருடையதே.

1915 ஜூன் 1 அன்று அவரே லாயியேயில் ஆலயத்துக்கான இடத்தை அர்ப்பணித்தார். ஹைரம் போப், ஹெரால்ட் பர்ட்டன் என்ற இரு இளம் கட்டடக்கலைஞர்களின் வடிவமைப்பு கிரேக்கச் சிலுவை வடிவில், கோபுரம் இல்லாமல், தாழ்ந்து அகன்று எழும்பியது. தீவில் கட்டடக் கல்லும் நல்ல மரமும் கிடைக்காததால் எரிமலைப் பாறையை நொறுக்கிக் கான்கிரீட்டில் சேர்த்தார்கள். அந்த மண்ணை உண்டாக்கிய எரிமலையே ஆலயச் சுவருமாயிற்று. ஸ்மித் 1918 நவம்பரில் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், இறந்தோரின் உலகில் நற்செய்தி அறிவிக்கப்படுவதைத் தாம் கண்ட காட்சியைப் பதிவு செய்திருந்தார். 1919 நவம்பர் 27 அன்று அடுத்த தலைவர் ஹீபர் ஜே. கிராண்ட் ஆலயத்தை அர்ப்பணித்தார். சபை யூட்டாவுக்குப் பெயர்ந்தபின் அந்த எல்லைக்கு வெளியே முடிக்கப்பட்ட முதல் ஆலயம் அது.

1915 அக்டோபரில் ஆலய அறிவிப்பு வந்ததும் யோசெப்பா கரையத் தொடங்கியது. சபை திரும்புமாறு ஊக்குவித்தது, வசதியற்றவர்களுக்குப் பயணச் செலவில் உதவியது. 1917இல் நிலம் ஒரு கால்நடை நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஹவாய் பார்த்திராத ஊர். அவர்களுக்கு அது திரும்புதலா, இன்னொரு குடிபெயர்தலா? யூட்டாவிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. இடுகாட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

இந்த நிகழ்வின் ஆழம் இங்கேதான் இருக்கிறது. சீயோன் என்பது போய்ச்சேர வேண்டிய தூரதேசம் என்ற நிலை மாறி, சொந்த மண்ணே சீயோனாகலாம் என்றாயிற்று. லாயியே மற்றத் தீவுகளுக்கும் ஆலய ஊரானது. 1920இல் மாவோரிக் குழு ஒன்று கடல் கடந்து அங்கே வந்தது. சமோவக் குடும்பங்கள் வந்து குடியேறின. 1965இல் ஜப்பானிய விசுவாசிகளும் வந்தார்கள்.

7. ஹாமில்டன்: உழைப்பும் வம்சாவளியும்

ஆலயத்துக்கு முந்திய வம்சாவளி ஆர்வத்தை மாவோரிகளிடம் தெளிவாகக் காணலாம். 1880களில் மாவோரிகள் பெருமளவில் இச்சபையில் சேர்ந்தார்கள். நிலப்போர்களுக்கும் நிலப்பறிப்புக்கும் பின், ஆங்கில மிஷன் சபைகளின் மீது நம்பிக்கை தளர்ந்திருந்த காலம் அது. 1889இல் மார்மன் புஸ்தகம் மாவோரி மொழியில் வந்தது. நூஹாக்காவைச் சேர்ந்த தலைவர் ஹிரினி ஃபாங்கா 1894இல் குடும்பத்தோடு யூட்டாவுக்குப் பெயர்ந்தார். நான்கு ஆண்டுகளில் மிஷனரியாகத் திரும்பி வந்து தம் மக்களின் வம்சாவளிகளைத் திரட்டினார். ஓர் இனத்தலைவர் தம் முன்னோர் அனைவரையும் சடங்கால் மீட்கும் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றது அது.

1958 ஏப்ரல் 20 அன்று நியூசிலாந்தின் ஹாமில்டன் நகருக்கு அருகே தென்னரைக்கோளத்தின் முதல் ஆலயத்தைத் தலைவர் டேவிட் ஓ. மெக்கே அர்ப்பணித்தார். அதையும் பக்கத்துக் கல்லூரியையும் கட்டியவர்கள் சம்பளமில்லாத உழைப்பு மிஷனரிகள். உள்ளூர் விசுவாசிகள் அவர்களுக்கு உணவளித்தார்கள். பலர் அங்கேதான் தச்சும் கொத்தும் கற்றார்கள். ஆலயச் சுவரில் தங்கள் குடும்பத்தார் கைபட்ட இடம் எது என்று சுட்டிக்காட்ட முடிந்தவர்களுக்கு அது அமெரிக்கக் கட்டடமாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. அதனால்தான், கல்லூரி 2009இல் மூடப்பட்டு அதன் கட்டடங்கள் பல இடிக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களும் கட்டியவர்களின் குடும்பங்களும் கடுமையாக எதிர்த்தார்கள். கட்டியவர்களின் உரிமையும் சொத்தின் உரிமையும் ஒரே இடத்தில் இல்லை என்பது அப்போது வெளிப்பட்டது.

வம்சாவளியிலும் இதே சிக்கல் உண்டு. ஃபாகபாபா மாவோரிகளுக்குப் புனிதம். யார், எப்போது, எவர் முன்னிலையில் சொல்லலாம் என்பதற்கு வரம்புகள் உண்டு. சபையின் வம்சாவளிச் சங்கம் பாலினீசியத் தீவுகளிலிருந்து வாய்மொழி மரபுகளையும் ஏடுகளையும் திரட்டி நுண்படங்களில் சேமித்தது. அழிந்துபோகக்கூடிய நினைவுகள் காக்கப்பட்டன. கூடவே, அந்த நினைவுகளின் களஞ்சியம் கடல் கடந்த நாடொன்றில் அமைந்தது. இறந்தவரின் சம்மதமின்றி அவர் பெயரில் சடங்கு செய்யலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. யூத இனப்படுகொலையில் மாண்டோரின் பெயர்கள் தொடர்பாக 1995இல் சபை யூத அமைப்புகளுடன் உடன்பாடு செய்ய நேர்ந்ததை நினைத்தால், இது தீவுகளுக்கு மட்டுமான கேள்வியில்லை என்று புரியும்.

1983இல் சமோவாவின் அப்பியா, தொங்காவின் நூக்குவாலோஃபா, தாகித்தியின் பாப்பியேத்தே ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே ஆண்டில் ஆலயங்கள் அர்ப்பணிக்கப்பட்டன. அதுவரை ஹாமில்டனுக்கோ லாயியேக்கோ போக ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்த குடும்பங்களுக்கு ஆலயம் வாசலுக்கே வந்தது. தொங்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இச்சபையினர். அப்பியா ஆலயம் 2003 ஜூலை 9 அன்று, சீரமைப்பு வேலையின்போது தீயில் அழிந்தது. அதே இடத்தில் மீண்டும் கட்டி 2005 செப்டம்பரில் அர்ப்பணித்தார்கள்.

8. கொடுக்கப்பட்ட மூதாதையர்

இதுவரை சொன்னது வம்சாவளி காக்கப்பட்ட கதை. அதே வம்சாவளி திருத்தப்பட்ட கதையும் உண்டு.

மார்மன் புஸ்தகம், எருசலேமிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறிய லேகி என்பவரின் சந்ததியைப் பற்றிப் பேசுகிறது. அதில் ஹாகோத் என்பவர் கப்பல்கள் கட்டியதும், சென்றவர்கள் திரும்பாததும் ஓரிடத்தில் வருகின்றன. பாலினீசியர்கள் இந்தச் சந்ததியைச் சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் 1850களில் ஹவாய் மிஷனில் உருவாகிப் பரவியது. மெக்கே ஹாமில்டனில் செய்த அர்ப்பணிப்பு ஜெபமே லேகியின் சந்ததியார் அத்தீவுகளுக்கு வழிநடத்தப்பட்டதாகக் கூறி நன்றி செலுத்தியது.

இந்த அடையாளத்தால் விளைந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஆப்பிரிக்க வழியினருக்கு ஆசாரியத்துவமும் ஆலயச் சடங்குகளும் 1978 வரை மறுக்கப்பட்டிருந்தன. இஸ்ரவேலின் சந்ததி என்று கருதப்பட்டதால் பாலினீசியர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஃபிஜி மக்கள் விஷயத்தில் தயக்கம் நிலவி 1950களில்தான் அது நீங்கியது. ஒரு வாசல் திறந்ததும் இன்னொரு வாசல் அடைபட்டதும் ஒரே இனக் கோட்பாட்டின் விளைவுகள்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? தொல்லியலும் மொழியியலும் மரபணுவியலும், பாலினீசியர் தைவானிலிருந்து தென்கிழக்காசியத் தீவுகள் வழியாகப் பரவிய ஆஸ்திரோனீசிய மக்களின் வழிவந்தவர்கள் என்பதில் ஒன்றுபடுகின்றன. 2020இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, கிழக்குப் பாலினீசியர்களுக்கும் தென்னமெரிக்கப் பூர்வகுடிகளுக்கும் கி.பி. 1200ஐ ஒட்டித் தொடர்பு இருந்ததைக் காட்டியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு தீவுகளுக்கு வந்ததோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். சிலர் இதை ஹாகோத் கதைக்கு ஆதரவாக எடுத்துக்கொள்வதுண்டு. புஸ்தகத்தின்படி ஹாகோத் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்க, அந்த வாசிப்பு பொருந்தாது. சபையும் தன் சொற்களைத் தளர்த்தியிருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் முதன்மை முன்னோர், லேகியின் சந்ததியில் ஒரு பிரிவினரான லாமானியர் என்றிருந்த புஸ்தக முன்னுரை, முன்னோர்களுள் சிலர் என்று 2006இல் மாற்றப்பட்டது.

பாலினீசியர்களுக்குச் சொந்தமாகவே வீரம் செறிந்த மூதாதையர் இருந்தார்கள். நட்சத்திரங்களையும் அலைகளையும் பறவைகளையும் படித்து உலகின் மிகப் பெரிய கடலைக் கடந்தவர்கள் அவர்கள். அந்தப் பெருமையின் மீது வேறொரு புத்தகத்தின் கதை எழுதப்பட்டது. இதை இழப்பு என்றே நான் கருதுகிறேன். அதே மக்களில் பலர் இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டார்கள் என்பதும் தெரிந்ததே. ஆலயத்துக்கு அவர்கள் கொண்டுபோன பெயர்ப் பட்டியலில் லேகி இல்லை. பாட்டியும் பாட்டனும் அவர்களுக்கு முந்திய தலைவர்களும் தாய்களும் இருந்தார்கள்.

9. முடிவாக

சனித்தோ சமூகம் காட்டியபடி, நம்பிக்கை நிலைக்க ஆலயம் கட்டாயமில்லை. ஆலயம் தீவுகளில் செய்தது வேறு இரண்டு வேலைகள். சீயோன் என்ற புனித மையத்தை யூட்டாவிலிருந்து பெயர்த்துத் தீவு மண்ணில் நட்டது. நாவில் வாழ்ந்த வம்சாவளிக்கு ஒரு சடங்கு வடிவம் தந்தது. இவ்விரண்டையும் தீவு மக்கள் தங்கள் உழைப்பாலும், தேவைப்பட்டபோது மறுப்பாலும் தங்களுடையதாக்கினார்கள். நிலம், களஞ்சியம், மூதாதையர் கதை ஆகிய மூன்றின் மீதான இறுதி அதிகாரமோ சால்ட் லேக் நகரிலேயே இருந்தது. பசிபிக் தீவுகளில் மார்மன் ஆலய வரலாறு இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றை மட்டும் எழுதுபவர் பாதி வரலாற்றையே எழுதுகிறார்.

யோசெப்பா இடுகாட்டுக்கு இன்றும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களை அங்கே வரச்சொல்லும் ஆலயம் அருகில் இல்லை, திரும்பிப் போகச் சொன்ன அறிவிப்புக்கும் நூறாண்டு கடந்துவிட்டது. இறந்தவர்களின் பெயர் தெரியும், அதனால் வருகிறார்கள். கற்களைத் துடைத்துப் பெயர்களை வாசிக்கிறார்கள்.